ஆயிரம் ரூபாய்க்கு மூன்றாண்டு வட்டி: இந்தியாவில் மாதிரி நிரல்களின் கதை

அசல் 1000 ரூபாய். காலம் 3 ஆண்டுகள். வட்டி வீதம் 8.5 விழுக்காடு. தனிவட்டி எவ்வளவு? தாளும் பென்சிலும்கூட வேண்டியதில்லை; 255 ரூபாய் என்று எட்டாம் வகுப்பு மாணவர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். இருப்பினும் இந்தியாவில் சி மொழி கற்ற இரண்டு தலைமுறை மாணவர்களுள் பெரும்பகுதியினர் கணினிக்கு இட்ட முதற்பணி இந்தக் கணக்குத்தான். நாகபுரியைச் சேர்ந்த யஷவந்த் கனேட்கர் எழுதிய ‘லெட் அஸ் சி’ என்னும் நூலின் முதல் நிரல் அது. அதே மொழியை அது பிறந்த அமெரிக்காவில் கற்றவர்களின் முதல் நிரல் எதையும் கணக்கிடவில்லை. உலகுக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரியைத் திரையில் அச்சிட்டுவிட்டு அது ஓய்ந்துவிட்டது.

அந்த வணக்கத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிரையன் கெர்னிகன் 1972இல் பி மொழிக்கு எழுதிய அறிமுகக் கையேட்டில் அது முதலில் தலைகாட்டுகிறது. அம்மொழியில் ஓர் எழுத்து மாறிலிக்குள் நான்கு எழுத்துகளுக்கு மேல் அடைக்க இயலாது என்பதால் வணக்கத்தையே மூன்று துண்டுகளாக நறுக்கி அச்சிட வேண்டியிருந்தது. 1974இல் சி மொழிக்கான உட்சுற்றுக் கையேட்டிலும், 1978இல் டென்னிஸ் ரிட்சியுடன் இணைந்து எழுதிய புகழ்பெற்ற நூலிலும் அதுவே முதல் எடுத்துக்காட்டாக நின்றது. பல்லாண்டுகள் கழித்து, அந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்தது என்று ஃபோர்ப்ஸ் இந்தியா இதழ் கேட்டபோது, முட்டையிலிருந்து வெளிவரும் கோழிக்குஞ்சு ஒன்று உலகை விளிப்பதாக வரைந்த கேலிச்சித்திரத்தைப் பார்த்த நினைவு இருப்பதாகக் கெர்னிகன் சொன்னார்.

வணக்க நிரல் எதைச் சோதிக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் இரண்டு முதல் நிரல்களுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். மொழி அறிவை அது ஏறக்குறையச் சோதிப்பதே இல்லை. நிரலை எங்கே எழுதுவது, எப்படிச் சேமிப்பது, கம்பைலரை எப்படி அழைப்பது, வெளியீடு எங்கே தோன்றும் என்னும் பாதை முழுவதும் ஒருமுறை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. அதற்குக் கணினி முன்னால் இருந்தாக வேண்டும். தாளில் படித்தால் அதில் பயன் ஒன்றுமில்லை. வட்டி நிரல் அப்படியன்று. கணினியே இல்லாத வகுப்பறையிலும் ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதி, வரி வரியாக நடத்தி, இறுதியில் 255 என்று எழுதி வட்டமிட்டுக் காட்டலாம். மாணவரும் தம் கையால் சரிபார்க்கலாம்.

ஒரு நூலின் முதற்பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் கல்வி வரலாற்றை எழுதிவிட முடியாதுதான். கெர்னிகனும் ரிட்சியும் அடுத்த எடுத்துக்காட்டாகவே ஃபாரன்ஹீட் அளவைச் செல்சியஸாக மாற்றும் அட்டவணையைத் தருகிறார்கள். ஆனால் இங்கே வட்டி தற்செயலாக வந்து விழவில்லை. பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் சி மொழி நூலைத் திறந்தால், முதல் அத்தியாயத்திலேயே 5000 ரூபாய் அசல் 11 விழுக்காட்டில் பத்தாண்டுகள் வளர்வதைக் காணலாம். முதலாண்டு 5550, இரண்டாம் ஆண்டு 6160 ரூபாய் 50 காசு என ஆண்டுதோறும் வரிசை இறங்கும். அகவிலைப்படி, வீட்டுவாடகைப்படி சேர்த்து மொத்தச் சம்பளம் காண்பது, நூலகத்தில் நாள் கடந்து திருப்பிய புத்தகத்துக்குத் தண்டம் கணக்கிடுவது, காப்பீடு பெறத் தகுதியான ஓட்டுநர் யார் என்று தீர்மானிப்பது என்று கனேட்கரின் பக்கங்களும் நடுத்தர இந்தியக் குடும்பத்தின் வரவுசெலவுப் புத்தகத்தைப் போலவே தோன்றும். ‘இஃப்’ என்னும் நிபந்தனைச் சொல்லின் பொருளை ஓர் அரசு ஊழியரின் சம்பளச் சீட்டின் வழியாகக் கற்றவர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகள் ஏன் வேண்டியிருந்தன என்பதைக் காணச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும்.

1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து எச்இசி-2எம் என்னும் கணினி வந்தது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் தானே கட்டிய டிஃப்ராக் 1960இல் இயங்கத் தொடங்கியது. இவற்றைப் பயன்படுத்தியவர்கள் அறிவியலாளர்கள். மாணவர்கள் என்று சொல்லத்தக்க கூட்டம் அங்கே இல்லை. நிரலாக்கம் ஒரு வகுப்பறைப் பாடமாக மாறியது கான்பூரில். ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணையுடன் வளர்ந்துகொண்டிருந்த கான்பூர் ஐஐடிக்கு 1963 ஆகஸ்டில் ஐபிஎம் 1620 வந்து சேர்ந்தது. அதைச் சுற்றி ஃபோர்ட்ரான் கற்பிக்கத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். இளநிலை மாணவர்களுக்கு மட்டுமன்றி, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் பத்து நாள் பயிற்சி வகுப்புகள் அங்கே நடந்தன. பத்து நாளில் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டு, தம் துறைக் கணக்கு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். விதிகளை முழுமையாகச் சொல்லி முடிக்க அதற்குள் நேரம் ஏது? மாதிரி நிரல்தான் விதிகளைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

அந்த 1620ஐப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அதன் முதல் வடிவத்தில் கூட்டலுக்கென்று தனி மின்சுற்றே கிடையாது. நினைவகத்தில் எழுதி வைத்த கூட்டல் வாய்ப்பாட்டையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் பார்த்துத்தான் அது விடை சொல்லும். கவனக்குறைவான நிரல் ஒன்று அந்த வாய்ப்பாட்டின் மேல் வேறு எதையாவது எழுதிவிட்டால், இயந்திரம் இரண்டும் இரண்டும் ஐந்து என்று கூசாமல் கூறும். பார்த்து எழுதியே பழகிய மாணவரின் நிலையும் அதுவே.

துளை அட்டைக் காலத்தில் எடுத்துக்காட்டு என்பது ஓர் அச்சு வார்ப்பு. ஃபோர்ட்ரானில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. முதல் ஐந்து கட்டங்கள் வரி எண்ணுக்கு, ஆறாம் கட்டம் தொடர்ச்சிக் குறிக்கு, ஏழு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளைக்கு. ஒரு கட்டம் தவறி ஆறாம் கட்டத்தில் எழுத்து விழுந்தால், அந்த வரி முந்தைய வரியின் வாலாகிவிடும். இதை விளக்கிச் சொல்வதினும், சரியாக எழுதப்பட்ட எழுதுதாள் ஒன்றைக் கையில் கொடுத்து அதன்படி எழுதச் சொல்வது எளிது. முழு எண் மாறிகளின் பெயர் ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்க வேண்டும் என்னும் விதியைப் பலர் விதியாகப் படித்ததே இல்லை. எடுத்துக்காட்டுகளில் எண்ணும் மாறிகள் எல்லாம் ஐ, ஜே, கே என்றே இருந்ததைப் பார்த்து அவ்வாறே எழுதினார்கள். கணித மரபிலிருந்து வந்து ஃபோர்ட்ரானில் விதியாக இறுகிய அந்தப் பழக்கம், விதியே இல்லாத மொழிகளிலும் இன்றுவரை தொடர்கிறது.

அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அது. பிழை வந்தால் மீண்டும் அட்டை, மீண்டும் வரிசை. ஆகவே கொடுப்பதற்கு முன்பே தாளில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயமாயிற்று. மாறிகளின் பெயர்களை மேலே எழுதிக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் மதிப்பு எப்படி மாறுகிறது என்று கீழே நிரப்பிக்கொண்டே வருவார்கள். இந்தப் பயிற்சியில் தேர்ந்தவர்களுக்கு எடுத்துக்காட்டு ஒரு நிகழ்வாகத் தெரிந்தது; எந்த வரியில் எது நடக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பற்றாக்குறை கொடுத்த நற்கொடை என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதே பற்றாக்குறை இன்னொரு பழக்கத்தையும் வளர்த்தது. சரியாக ஓடும் என்று உறுதியான நிரலை அப்படியே எழுதிக் கொடுத்தால் வரிசையில் இரண்டாம் முறை நிற்க வேண்டியதில்லை அல்லவா!

ராஜாராமனின் நிரலாக்கப் பாடநூல் 1969இல் பிரெண்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா வெளியீடாக வந்தது. மாணவர் வாங்கத்தக்க விலையில் அது விற்கப்பட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கணினியைக் கண்ணாலும் பாராத கல்லூரிகளுக்குள் ஃபோர்ட்ரான் நுழைந்தது இத்தகைய மலிவுவிலை நூல்களின் வழியாகத்தான். அங்கெல்லாம் அச்சிட்ட நிரலே கணினிக்கு மாற்று. நிரலுக்குக் கீழே அச்சிட்டிருந்த விடையே இயந்திரத்தின் குரல்.

விதியை முதலில் சொல்லி எடுத்துக்காட்டால் விளங்க வைக்கும் முறை இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆரியபடீயத்துக்கு 629இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர், ஒவ்வொரு சூத்திரத்தின் பின்னும் ஓர் எடுத்துக்காட்டை நிறுத்தி, எண்களை முறைப்படி எழுதிக் காட்டி, பிறகு கணக்கைச் செய்து முடிக்கிறார். அந்த ஆரியபடீயத்திலேயே வட்டிக் கணக்குக்கு ஒரு சூத்திரம் உண்டு. 1150ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட லீலாவதியும் எடுத்துக்காட்டுகளால்தான் இன்றும் நினைவுகூரப்படுகிறது. 1881இல் பெஷாவருக்கு அருகே மண்ணிலிருந்து கிடைத்த பக்ஷாலிச் சுவடியின் அமைப்பு இன்னும் சிறப்பானது. விதி, எடுத்துக்காட்டு, எண்களை நிறுத்துதல், செய்முறை ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவதாக அங்கே ஓர் உறுப்பு வருகிறது: கிடைத்த விடையை வேறு வழியில் செய்து சரிபார்த்தல். வடமொழியில் அதற்குப் பிரத்யயம் என்று பெயர். நம்பிக்கை என்பது அதன் பொருள். கான்பூர் வகுப்பறைக்கும் பக்ஷாலிச் சுவடிக்கும் நேர்க்கோடு வரைவது வரலாறாகாது. ஃபோர்ட்ரான் பாடநூல்கள் அமெரிக்க முன்மாதிரிகளைப் பார்த்தே எழுதப்பட்டன. ஆயினும் அந்த ஐந்தாம் உறுப்பை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் அது தேவைப்படும்.

எழுபதுகளின் இறுதியிலிருந்து காட்சி விரைந்து மாறுகிறது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1981இல் என்ஐஐடி தொடங்கியது. கணினித்துறைக்கு ஆள் தேவை என்று ஆராய்ந்த, ராஜாராமன் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் எம்சிஏ படிப்பு பிறந்தது. 1984-85இல் ‘கிளாஸ்’ என்னும் நடுவணரசுத் திட்டம் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டு சென்றது. 32 கிலோபைட் நினைவகம். இயக்கியவுடன் பேசிக் மொழி திரையில் காத்திருக்கும். குழந்தை எழுதிய வரிக்கு அந்த நொடியே விடை சொல்லும் இயந்திரம் இந்தியப் பள்ளிக்குள் வந்தது அதுவே முதல்முறை எனலாம். எண்ணை மாற்று, மீண்டும் ஓட்டு, என்ன ஆகிறது பார் என்று எடுத்துக்காட்டைக் கலைத்து விளையாடத்தக்க சூழல் அது. ஆனால் கணினிகளோ சில, பிள்ளைகளோ பலர். பூட்டிய அறை, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய குளிரூட்டிய கூடம், வாரத்துக்கு ஒரு முறை வரும் முறை. தம் முறை வரும்போது விளையாடிப் பார்க்கத் துணியும் பிள்ளை அரிது. நோட்டில் எழுதி வந்ததைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவதே வழக்கமாயிற்று.

தொண்ணூறுகளில் சி மொழியின் பெருவெள்ளம் வந்தது. தனியார் பயிற்சி நிலையங்களும் புதிய பொறியியல் கல்லூரிகளும் பெருகின. சிற்றூர்களிலிருந்து, தாய்மொழி வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அவற்றுக்குள் வந்தார்கள். மாதிரி நிரல் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பது இன்னும் போதிய அளவு பேசப்படாத பொருள். பாடநூலின் ஆங்கில விளக்கம் ஒரு சுவர். நடுவே பெட்டிக்குள் அச்சிட்ட நிரல் அந்தச் சுவரில் ஒரு சாளரம். இருபது, முப்பது சொற்களுக்குள் அடங்கிவிடும் அந்தக் குறுமொழியை, ஆங்கில இலக்கணம் தெரியாமலே ஒருவர் வாசித்துவிட முடியும். கனேட்கரின் நூல் பெற்ற பெருவெற்றிக்கு அவருடைய எளிய ஆங்கிலம் ஒரு காரணம். பத்திகளைத் தாண்டிக்கொண்டு எடுத்துக்காட்டிலிருந்து எடுத்துக்காட்டுக்குச் சென்றாலும் பாடம் புரியும்படி நிரல்கள் அடுக்கப்பட்டிருந்தது இன்னொரு காரணம். பார்த்து எழுதுகிறார்கள் என்று அந்தத் தலைமுறையை இகழ்ந்தவர்கள், பார்ப்பதற்கு அவர்களிடம் வேறு என்ன இருந்தது என்று கேட்டதில்லை.

எனினும் எடுத்துக்காட்டு தன்னோடு எடுத்து வருவது மொழியை மட்டுமன்று. அது பிறந்த அறையின் தூசியையும் சுமந்து வருகிறது. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி இந்தியக் கல்லூரிக் கூடங்களை ஆண்ட ஆண்டுகளில் இது தெளிவாகப் புலப்பட்டது. அந்த மென்பொருளில் நிரல் ஓடி முடிந்த கணமே எழுதும் திரை வந்து வெளியீட்டை மூடிவிடும். விடை கண்ணில் நிற்க வேண்டுமானால் இறுதியில் ‘கெட்ச்’ என்னும் கட்டளையை எழுதி, ஒரு விசையை அழுத்தும்வரை இயந்திரத்தைக் காத்திருக்கச் செய்ய வேண்டும். முந்தைய ஓட்டத்தின் எச்சங்கள் திரையில் தங்காதிருக்கத் தொடக்கத்திலேயே திரையைத் துடைக்கும் கட்டளை ஒன்று. இவ்விரண்டுக்காகவும் ‘கோனியோ’ என்னும் தலைப்புக் கோப்பு. இவை சி மொழியின் உறுப்புகள் அல்ல. ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் குறைக்கு ஒட்டுப்போடும் உத்திகள். ஆனால் எல்லா எடுத்துக்காட்டிலும் இருந்தமையால், அவை இல்லாமல் நிரலே இல்லை என்று மாணவர் நம்பினர். பிள்ளையார் சுழி போடாமல் கடிதம் எழுதலாகாது என்பது போல! அதே மாணவர் பிறிதொரு நாள் லினக்ஸ் கணினியில் அமர்ந்து அதே நிரலைத் தட்டும்போது, அப்படியொரு கோப்பே இல்லை என்று கம்பைலர் கைவிரிக்கும். பிழை எங்கே என்று தேட அவரிடம் கருவி எதுவும் இராது. எது மொழி, எது ஒட்டு என்று அவருக்கு எவரும் பிரித்துக் காட்டியதில்லை.

தொடக்க மாணவரின் அடிப்படை இடர் இதுவே. கற்றறிந்தவர் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கும்போது அவருக்கு எலும்பும் சதையும் தனித்தனியே தெரிகின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு எல்லா வரியும் ஒரே எடை. ‘மெயின்’ என்னும் முதன்மைச் செயற்கூறு முழு எண் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும் என்று 1989இன் சி தரவரையறை சொல்லியும், எதையும் திருப்பித் தராது என்று பொருள்படும் ‘வாய்டு மெயின்’ இந்திய விடைத்தாள்களில் இருபதாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது. சி++ மொழிக்கு 1998இல் தரவரையறை வந்து பழைய தலைப்புக் கோப்புப் பெயர்கள் நீங்கிய பிறகும், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பழைய பெயர்களே தொடர்ந்தன. புதிய கணினிகளில் டர்போ சி ஓடாது என்று ஆனபோது, பழைய டாஸ் இயக்கத்தளத்தைப் போலி செய்யும் மென்பொருளை நிறுவி அதற்குள் டர்போ சியை ஓட்டினார்கள். பாடத்திட்டத்திலுள்ள எடுத்துக்காட்டுகள் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காக, ஓர் இயந்திரத்துக்குள் இறந்துபோன இன்னோர் இயந்திரத்தை உயிர்ப்பித்தார்கள் என்பது எண்ணிப் பார்த்தால் வியப்பான செய்தி.

வேலைவாய்ப்புத் தேர்வுகளும் தம் பங்கைச் செய்தன. ஒரே கோவையில் ஒரே மாறியைப் பலமுறை கூட்டிக் குறைத்து, விடை என்ன என்று கேட்பது அக்காலத்து வழக்கம. அத்தகைய கோவைகள் பலவற்றுக்குத் தரவரையறை எந்த விடையையும் உறுதி செய்வதில்லை. கம்பைலருக்குக் கம்பைலர் விடை மாறலாம். டர்போ சி சொன்ன விடையே சரியான விடை என்று வினாவங்கிகள் அச்சிட்டன. மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். பொருளற்ற வினாவுக்குப் பொருளற்றது என்று பதில் எழுதியவருக்கு மதிப்பெண் கிடையாது.

இந்தப் பழக்கங்கள் எல்லாம் வந்து உறைந்த இடம் ரெக்கார்டு நோட்டு. வேதியியல் செய்முறைக் கூடத்திலிருந்து கணினிக் கூடத்துக்கு அப்படியே குடிபெயர்ந்த நிறுவனம் அது. நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று ஐந்து தலைப்புகள். பருவத்துக்குப் பத்து, பன்னிரண்டு பயிற்சிகள் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருக்கும். செய்முறைத் தேர்வில் குலுக்கலில் எது வந்தாலும் அந்தப் பட்டியலுக்குள்தான் வரும். அச்சுப்பொறி அறையிலேயே இருந்தாலும் நிரலைக் கையால்தான் எழுத வேண்டும். இடப்பக்கத்தில் வெளியீட்டை எழுத வேண்டும். முடிவு என்னும் தலைப்பின் கீழ், நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம். அண்ணன்மார்களின் நோட்டிலிருந்து தம்பிமார்களின் நோட்டுக்கு அந்த வாக்கியம் எழுத்து மாறாமல் இறங்கி வந்தது. பக்ஷாலிச் சுவடியின் ஐந்தாம் உறுப்பு இங்கும் ஐந்தாம் இடத்திலேயே இருக்கிறது. சரிபார்ப்பு என்னும் சொல் இருக்கிறது, செயல்தான் இல்லை. இயந்திரம் கிடைக்காத காலத்தில் தாளில் எழுதுவது சரிபார்க்கும் வழியாக இருந்தது. இயந்திரம் மேசைமேல் வந்து அமர்ந்த பிறகு, தாளில் எழுதுவது சரிபார்க்காமலிருக்கும் வழியாயிற்று.

பாலகுருசாமியின் சி நூலில் வரும் முதல் நிரலை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம். அது உலகை வணங்கவில்லை. கண்டால் நினைவில் நிற்கும் என்னும் கருத்தமைந்த ஒரு சிறு வாசகத்தைத் திரையில் அச்சிடுகிறது. கேட்டது மறந்துபோகும், கண்டது நினைவில் நிற்கும், செய்ததே விளங்கும் என்று மூன்றடுக்காக வழங்கும் ஒரு முதுமொழியின் நடுப்பகுதி அது. மூன்றாம் பகுதி அந்த நிரலில் அச்சாகவில்லை. அச்சாகாததை மாணவர் தம் விசைப்பலகையில் கண்டுகொள்ள வேண்டும் என்பது ஆசிரியரின் உட்கருத்தாக இருந்திருக்கலாம். தேர்வு முறையோ நடுப்பகுதியோடு நிறைவடைந்துவிட்டது.

எடுத்துக்காட்டிலிருந்து கற்பது இழிவானதன்று என்பதை உளவியலாளர்கள் எண்பதுகளிலேயே காட்டிவிட்டார்கள். கார்னகி மெலனில் பீட்டர் பிரோலியும் ஜான் ஆண்டர்சனும் லிஸ்ப் மொழி கற்போரைக் கவனித்தபோது, தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு ஒன்றை முதன்முதலாக எழுதும் எவரும் நூலிலுள்ள மாதிரியைச் சார்ந்தே அதை எழுதுவதைக் கண்டார்கள். அதே 1985இல், ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும், இயற்கணிதத்தில் புதியவர்கள் தாமே முட்டி மோதுவதைவிட, செய்து காட்டிய கணக்குகளைப் படிப்பதால் விரைந்து கற்பதை நிறுவினார்கள். வேறுபாடு எங்கே என்றால், படிக்கும் விதத்தில். 1989இல் மிஷலின் சீயும் உடனாய்வாளர்களும் இயற்பியல் மாணவர்களிடம் கண்டது இது: நன்கு கற்றவர்கள் எடுத்துக்காட்டின் ஒவ்வோர் அடியிலும் நின்று, இது ஏன் இங்கே வந்தது என்று தமக்குத்தாமே விளக்கிக்கொண்டார்கள், விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று உணர்ந்தார்கள். மற்றவர்களோ எல்லாம் விளங்கிவிட்டதாகவே எண்ணினார்கள். பிறகு கணக்கைச் செய்யும்போது முன்னவர்கள் தேவையான ஓர் அடியை மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னவர்கள் எடுத்துக்காட்டை முதலிலிருந்து மீண்டும் வாசித்தார்கள். கான்பூர்க் காலத்து மாணவர் தாளில் கோடு போட்டு மாறிகளை நிரப்பியதும், தமக்குத்தாமே விளக்கிக்கொள்வதன் ஒரு வடிவமே.

இந்த நூற்றாண்டில் பம்பாய் ஐஐடியிலிருந்து வந்த இரண்டு முயற்சிகள் எடுத்துக்காட்டின் இடத்தைச் சற்றே நகர்த்தின. இரண்டிலும் வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் பங்கு பெரிது. முதலாவது ‘ஸ்போக்கன் டுடோரியல்’. ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும் காணொளிகள். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் மாற்றப்பட்டவை. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் காணொளியையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி காட்டப்பட்டால் நிறுத்தி, அந்த வரியைத் தாமும் எழுதி ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. திரையின் எழுத்து ஆங்கிலமாகவே இருக்க, காதில் விழும் விளக்கம் தாய்மொழியாக இருந்தது. முன்னே சொன்ன சுவருக்கு இது ஒரு கதவு.

இரண்டாவது, அதைவிடக் குறைவாக அறியப்பட்டது. ஆனால் இந்த வரலாற்றுக்கு மிக நெருக்கமானது. கட்டற்ற மென்பொருள்களைக் கல்வியில் பரப்பும் ‘ஃபாசி’ திட்டத்தின் கீழ், பாடநூல் துணைநூல்கள் என்றொரு வேலை தொடங்கியது. ஒரு மாணவர் அல்லது ஆசிரியர் தம் துறையின் புகழ்பெற்ற பாடநூல் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். வெப்ப இயக்கவியலோ, மின்சுற்றோ, எதுவாயினும் சரி; அந்நூலில் செய்து காட்டப்பட்ட கணக்குகளுக்கெல்லாம் சைலாப் என்னும் கட்டற்ற மென்பொருளில் நிரல் எழுத வேண்டும். திட்டக் குழுவினர் சரிபார்த்த பின் அவை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியாகும்; எழுதியவருக்கு மதிப்பூதியமும் உண்டு. நாடெங்கிலும் உள்ள கல்லூரிகளிலிருந்து நூற்றுக்கணக்கான துணைநூல்கள் இப்படி வந்து சேர்ந்தன. எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதிய கைகளே, பிறர் பார்ப்பதற்கான எடுத்துக்காட்டை எழுதின.

அந்தத் துணைநூல்களின் நிரல்களைப் புரட்டினால், பல இடங்களில் கட்டளைகளுக்கு நடுவே, இயந்திரம் படிக்காமல் மனிதர் மட்டும் படிக்கும் குறிப்பு வரி ஒன்று தென்படும். தசமங்களை முழுமையாக்கியதால் விடை சிறிது மாறுகிறது என்று சிலவற்றில் இருக்கும். வேறு சிலவற்றில், பாடநூலில் அச்சிட்டுள்ள விடை தவறு என்றே அந்த மாணவர் எழுதியிருப்பார்.